காலை மாத்திரைக்கு முன்

தம்பியின் முழங்கை மடிப்பை அக்கா உள்ளங்கையால் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள். சூடு ஏறினால்தான் அவனுக்கு நரம்பு மேலே வரும். "இன்னைக்கும் ஒளிஞ்சுக்கிச்சு பாருங்க. ஆள மாதிரியே." ரத்தம் எடுப்பவர் சிரிக்காமல் ரப்பர் பட்டையை இறுக்கினார். ஒவ்வொரு முறையும் கேட்கிற வேடிக்கைதான்.

ஆயத்த ஆடைக் கம்பெனியில் பொத்தான் பார்ப்பது அவள் வேலை. தைத்து வரும் சட்டைகளில் ஒவ்வொரு பொத்தானையும் இழுத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கை வெளியிலும் சும்மா இருக்காது. ரத்தம் எடுப்பவரின் வெள்ளைக் கோட்டுப் பொத்தானை ஒரு சுண்டு சுண்டிவிட்டு, "நூல் விட்டுப்போச்சுண்ணா, தைக்கச் சொல்லுங்க" என்றாள். நாற்பதை நெருங்கும் தம்பியைக் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் அவளே பதில் சொல்வாள். தூக்கம், பசி, மலச்சிக்கல் உட்பட. "இவன் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நீங்க ரிட்டயர் ஆயிடுவீங்க." மாத்திரையை விழுங்கினானா என்று தினமும் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பதும் அவள்தான்.

"காலை மாத்திரை போட்டாச்சா?"

"இல்லண்ணா. நேரா இங்கதான் வர்றோம்."

தம்பி அவளைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

மனநோய்க்கான மாத்திரை ரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கும் சோதனை. அன்று மட்டும் ரத்தம் கொடுத்த பிறகுதான் மாத்திரை. இருட்டோடு எழுந்த அரைத் தூக்கத்தில், அக்காவின் பழகின கை வழக்கம்போல் மாத்திரையைப் பிதுக்கிக் கொடுத்துவிட்டது. பாதி வழியில்தான் உறைத்தது. இப்போது எடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். டாக்டர் மாத்திரையைக் குறைப்பார். போன முறை குறைத்தபோது அவன் வாசற்கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, வருகிறவர்களைக் கண்காணிக்க உட்கார்ந்துவிட்டான். அவளும் கூடவே விழித்திருந்தாள்.

நாளை வருவதென்றால் இன்னொரு விடுப்பு. "அடுத்த தடவ லீவு கேட்டா மொத்தமா எடுத்துக்கம்மா" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

ஈரப் பஞ்சு தோலைத் துடைத்தது. ஊசியின் மூடி கழன்றது.

"அண்ணா, நில்லுங்க." ரப்பர் பட்டையை அவளே அவிழ்த்தாள். "போட்டாச்சு. நான்தான் குடுத்தேன்."

அவர் ஊசியை மூடினார். "இத மொதல்லயே சொன்னா என்னம்மா? சரி, நாளைக்கு வாங்க."

படியிறங்கும்போது தம்பி சொன்னான்: "சொல்லாமயே இருந்திருக்கலாம்க்கா. உனக்குத்தான் லீவு இல்லையே."

"அப்புறம் கதவ யாருடா மாட்டுறது? உங்க டாக்டரா?"

மறுநாள் காலை மீண்டும் வந்தார்கள். வரும் வழியில் கம்பெனிக்குப் பேசினாள். சூப்பர்வைசர் கேட்ட கையோடு போனை வைத்துவிட்டார். மூன்றாவது குத்தில் நரம்பு கிடைத்தது. ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவனிடம் கொடுத்தவள், மாத்திரையைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிட்டாள். தம்பி அவள் விரல்களை விலக்கி மாத்திரையை எடுத்து விழுங்கினான். பிறகு அவள் பக்கம் திரும்பி, நாக்கைத் தூக்கி, வாயைத் திறந்து காட்டியபடி, அவள் விழிக்கும்வரை உட்கார்ந்திருந்தான்.