அப்பாவின் கண்ணைக் கட்டிப் பாட்டுப் போட்ட ஞாயிற்றுக்கிழமை

கிர்ர்ர்... பட்... பட்.

ஊசி ரெகார்டில் இறங்கியதும் முதலில் வருவது பாட்டு இல்லை, இந்தச் சத்தம்தான். தணலில் கல்லுப்பைப் போட்ட மாதிரி.

செங்கல்பட்டில் எங்கள் வீட்டில் ஊசி போடுபவர் டாக்டர் இல்லை... அப்பா. ஞாயிறு காலை, நோயாளிகள் நாங்கள்.

மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் அவருக்கு பிரஸ் ஷாப் வேலை. நாள் முழுக்கத் தகட்டை அச்சில் வைத்து அடிக்கும் ராட்சச மெஷின்கள். அந்த இரைச்சலிலேயே பழகிய காது. அதனால் வீட்டில் அவரிடம் கத்தித்தான் பேசுவோம்.

"நம்ம வூட்டு விசேஷத்துக்கு மைக் செட் வாடகை மிச்சம் நைனா" என்பேன். அவரும் சிரிப்பார்.

நான் ப்ளஸ் டூ படிக்கும்போது அண்ணனுக்கு நாவலூரில் ஐ.டி. வேலை கிடைத்தது. வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அப்பாவின் ரெகார்டுகளில் இருந்த அதே பாட்டுகள், கீறல் இல்லாமல், எம்.பி.த்ரீயாக.

"இதுல ஒரு தூசு சத்தம் கீதான்னு சொல்லு நைனா?" என்றான் அண்ணன்.

"மூணு எம்.பி. சேர்ந்து வந்தாலும் என் ரெகார்டு முன்னாடி டெபாசிட் காலிடா!"

நான் சும்மா இருப்பேனா? பந்தயம் கட்ட வைத்தேன். அண்ணன் இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் இணைத்தான். நான் அப்பாவின் கண்ணைத் துண்டால் கட்டினேன்.

"ரெகார்டு" என்றார். சரி. அடுத்தது "கம்ப்யூட்டரு". அதுவும் சரி. மறுபடியும் சரி!

"காதுடா இது, காது!"

அப்போதுதான் பார்த்தேன்... அவர் கை பிளேயரின் மரப்பெட்டி மேல் இருந்தது. மோட்டார் சுற்றினால் விரலுக்குத் தெரிந்துவிடும்.

"அழுகுணி ஆட்டம்! கைய எடு நைனா!" என்று இழுத்து மடியில் வைத்தேன்.

அடுத்து, கம்ப்யூட்டரில் அவருக்கு ரொம்பப் பிடித்த பாட்டு. தனிப் புல்லாங்குழலில் தொடங்கும். குழல் மெல்ல மேலே ஏறியது...

"இன்னாடா, போடுங்கடா. எவ்ளோ நேரம்?"

நடிக்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

"டேய், இட்லி ஆறிக்கினு கீது. போடுறதுன்னா போடு."

அம்மா கரண்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். குழல் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு தபேலா சேர்ந்தது. அப்பாவின் முகம் மலர்ந்தது.

"ஆங்... ஆரம்பிச்சிட்ச்சு. ரெகார்டு!"

அவரே துண்டை அவிழ்த்தார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கொழலு... வந்து பூட்ச்சா?"

அம்மா தலையாட்டினாள்.

துண்டை மடித்துத் தோளில் போட்டார். பிறகு என்னிடம், "நீ சொல்லு. கொழலு எதுல நல்லா கீது?" என்றார்.

கம்ப்யூட்டரில்தான். வாசிப்பவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

"ரெகார்டுலதான் நைனா" என்றேன்.

சிரிக்காமல் நான் சொன்ன முதல் பொய் அது.

இப்போது அப்பா காதில் மெஷின். பேச்சு கேட்கிறது. பாட்டு மட்டும் தகரத்தில் மழை விழுகிற மாதிரி இருக்கிறதாம், கழற்றி வைத்துவிடுகிறார். நம் நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் நீங்களெல்லாம் வினைல் ரெகார்டா, டிஜிட்டலா என்று அடித்துக்கொள்கிறீர்கள். எதற்கும் வாய் திறக்கும் நான் அதற்கு மட்டும் திறப்பதில்லை.

அப்பா பக்கத்தில் இருந்தால் அந்தப் பாட்டை முதலிலிருந்து போடுவதில்லை. போனில் விரலால் தள்ளி, தபேலா சேரும் இடத்திலிருந்து சத்தமாகப் போடுகிறேன். உடனே தலையாட்டுகிறார்.

அந்தக் குழலை நானும் கேட்டு வருஷங்கள் ஆகின்றன...