பையை விட்டு வந்த பூனை

வேலை செய்யும் இடத்தில் அவளை எல்லோரும் 'ரெண்டு வரி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆங்கிலத் தொடர்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுபவள். யார் எவ்வளவு மூச்சுவிடாமல் பேசினாலும் திரையின் அடியில் இரண்டே வரிக்குள் அடக்கிவிட வேண்டும்.

அன்று ஒரு துப்பறியும் தொடர் வந்திருந்தது. அதில் ஒருத்தி, "பூனையைப் பையிலிருந்து விட்டுட்டியே" என்று தங்கையைக் கடிந்துகொள்கிறாள். பூனையும் இல்லை, பையும் இல்லை. ரகசியத்தை உளறிவிட்டாயே என்று அர்த்தம். அடுத்த காட்சியில் ஒருவன் 'பீன்ஸைக் கொட்டு' என்று மிரட்டுகிறான். அதுவும் உண்மையைச் சொல் என்பதுதான். ஒரு ரகசியத்துக்கு இங்கிலீஷ்காரர்கள் ஏன் இத்தனை சாமான்களை இழுக்கிறார்கள்? ஆனால் நாம் மட்டும் லேசுப்பட்டவர்களா? போட்டு உடைக்கிறோம், கக்குகிறோம். உடைப்பது எதை, பானையையா? வீடு வரும்வரை இதே நினைப்பு.

அம்மா இறந்து பல வருஷம். வீட்டில் அப்பாவும் அவளும்தான். லாரி ஓட்டி ஓய்வுபெற்ற அப்பா, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஒருத்தர் ரொம்ப நாளா மறைச்சு வச்சது வெளியே வந்துட்டா என்னன்னு சொல்லுவீங்க?"

சட்டை பாதி மடிப்பில் நின்றது. "யாரு சொன்னா உனக்கு?"

"எதை?"

"மருந்துக்கடைக்கார அம்மாதான் சொல்லியிருப்பாங்க. நானே சொல்றேன்னுதானே சொன்னேன்."

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் அதைக் காட்டிக்கொள்ளாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மிச்சத்தை அப்பாவே சொன்னார். தெருமுனை மருந்துக்கடை அம்மாவும் தனி ஆள். கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருவரும் பேசி வைத்து ஒரு வருஷம் ஆகிறது.

"உன்கிட்ட எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

"அதான் இருமலே இல்லாம இருமல் மருந்தா வாங்கி அடுக்கினீங்களா?"

அப்பாவின் காது சிவந்தது.

கோபம் வருமோ என்று அவள் கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தாள். வரவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதை ஒற்றை ஆளாகச் சுமந்திருக்கிறாரே என்று வருத்தம்தான் வந்தது. கூடவே, அடக்க முடியாத ஆவல்.

"யாருப்பா முதல்ல பேச்சை எடுத்தது?"

"அவங்கதான்," என்றார் அப்பா, சட்டையைப் பார்த்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடை அம்மா இவர்கள் வீட்டுக்கு வந்தார். "எப்படியோ வாயைத் திறந்து சொல்லிட்டாரே," என்றார்.

"நான் வேலை விஷயமா ஒரு வார்த்தை கேட்டேன், அவ்வளவுதான்."

அப்பா நிமிர்ந்தார். "அப்போ உனக்கு ஒண்ணுமே தெரியாதா?"

அந்த அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்பாவும் ஒருவழியாகச் சேர்ந்துகொண்டார்.

அடுத்த மாதம் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்து போட்டது மகள்தான்.