நடையை நிறுத்தச் சொன்ன பயிற்சியாளர்

சிங்காநல்லூரில் லேத் பட்டறை நடத்தும் என் கணவருக்குச் சர்க்கரை நோய். மருத்துவர் சொன்னபடி, வாரம் ஒருமுறை போனில் வழிகாட்டும் ஹெல்த் கோச் ஒருவரிடம் சேர்ந்தார். முதல் நாளே, "ஏனுங்க அம்மணி, பேசுனா சர்க்கரை கொறையுமுங்களா? ஆதாரம் இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டார்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. "ஆராய்ச்சி பண்ணிப் பாத்திருக்காங்க சார். நெறையப் பேருக்குக் கொறஞ்சிருக்குதுங்க, சிலருக்குப் பலன் இல்லீங்க. பாதியில உட்டா மறுபடி ஏறிக்கும். மாத்திரைக்குப் பதில் இது இல்லீங்க" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்துப்போனது.

சோற்றைக் குறைத்தார், காலையில் நடந்தார், சர்க்கரையும் இறங்கியது. ஒருநாள் போனில் பேச்சுவாக்கில், "நடந்தா நெஞ்சை அடைக்குதுங்க, நின்னா சரியாப் போகுது. கேஸாத்தான் இருக்கும்" என்றார் கணவர்.

"இனி நடக்காதீங்க சார். இதை நான் பாக்கக் கூடாதுங்க, டாக்டர்தான் பாக்கோணும். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்றார் அந்தப் பெண். குரலில் அப்படியொரு உறுதி.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, இதய ரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்த மருத்துவர், நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார்.

இப்போது மருத்துவர் அனுமதியோடு மறுபடி நடக்கிறார். வாராவாரம் போன் வரும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவர் சொல்லாமல் விடுவதையெல்லாம் சொல்லிவிடுகிறேன்.