மஞ்சளும் உள்ளியும் தின்ற கோழி

இன்று வெள்ளவத்தையில் ஒரு பாமசிக்கு மருந்து வாங்கப் போனேன். எனக்கு முன்னால் நின்ற அக்கா, கையிலிருந்த கோழிப் பையைக் காட்டிப் பாடம் எடுத்தார்.

“மற்றக் கோழியளுக்கெல்லாம் அன்டிபயோட்டிக் குடுக்கிறாங்கள் தங்கச்சி. இது மஞ்சள், உள்ளி, வேப்பிலைச் சாறு குடுத்து வளர்த்தது. பிள்ளையளுக்கு இதைத்தான் சமைக்கிறனான்.”

நல்ல விஷயம்தான் என்று தலையாட்டினேன்.

அவருடைய முறை வந்தது.

“தம்பி, மகனுக்குக் காலமையிலயிருந்து தடிமன், மூக்கால ஓடுது. அமொக்சிசிலின் நாலு தாங்கோ.”

“டொக்டர்ட துண்டு இருக்கா?”

“தடிமனுக்கு என்னத்துக்குத் துண்டு? போன முறையும் நீங்கதானே தந்தனீங்கள்.”

கடைக்காரத் தம்பியும் மறுபேச்சில்லாமல் அந்த அன்டிபயோட்டிக் அட்டையில் நாலைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தான்.

“கொத்தமல்லி அவிச்சுக் குடுக்கலாமே அக்கா” என்றேன்.

“சீ, அதையெல்லாம் பிள்ளை குடிக்குமோ?”

பேசாமல் அந்தப் பிள்ளையைக் கோழிப் பண்ணையிலேயே விட்டு வளர்க்கலாம். பண்ணை எங்கே என்று தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.