படி ஏறாத அப்பா

பீடோங் ஊர்ச் சர்ச்சில் தரைக்குச் சிவப்பு மெழுகு தேய்த்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று நாளாகக் கண் திறக்காத மகளுக்காக ஜெபிக்க வந்த நான், அந்த வாடை பட்டதும் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

எங்கள் ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவின் படிகளில் இதே வாடைதான் அடிக்கும். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது தம்பிக்கு வலிப்பு வந்தது. துரையின் காரைக் கேட்க அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். ஆனால் அப்பா படி ஏறவில்லை. தோட்டத்துக் கணக்கரான கிராணி வந்து சொன்ன பிறகுதான் துரையிடம் பேசலாம் என்பது தோட்டத்து வழக்கம்.

“நீங்களே கூப்பிடுங்கப்பா!”

“சும்மா இரு லா. கிராணி வரட்டும்.”

உள்ளே துரை சாப்பிடும் தட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கிராணி வருவதற்குள் தம்பியின் உடம்பு குளிர்ந்துவிட்டது. வெளியே வந்த துரை, ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று மலாயில் கேட்டார்.

“ஏங்க்கா வாசல்லயே நிக்கிறீங்க?” என்று சர்ச்சுக்குள்ளிருந்து கேட்டார் பாஸ்டர்.

“நீங்களே எனக்காகச் சொல்லிடுங்க பாஸ்டர். நான் படிக்காதவ.”

“இயேசு வழியத் தொறந்துட்டாருக்கா. நேரா போய்க் கேளுங்க.”

வாசலைத் தாண்டி முன்னால் போனேன். ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை. “என் பிள்ளையக் குடுங்க” என்று சத்தம் போட்டுக் கேட்டேன்.