நான் தூங்கின அந்த ஒரு மணி நேரம்

போன வருஷம் மழைக்காலத்துல, கண்டியில ஒரு ஆஸ்பத்திரியில, ஒபரேஷன் தியேட்டருக்கு வெளிய நடந்தது இது. உள்ள இருந்தது என் வீட்டுக்காரி. தலையில கட்டி. டொக்டர் "பாப்போம்"னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டாரு.

அன்னைக்கு நாவலப்பிட்டியில எங்க சபையில சங்கிலி ஜெபம் வச்சிருந்தாங்க. ஆளுக்கு ஒரு மணி நேரம். அவங்கவங்க இருக்குற எடத்துலயே ஜெபம் பண்ணி, முடிஞ்சதும் அடுத்த ஆளுக்கு ஒரு மிஸ் கோல் குடுக்கணும். நடுவுல அறுபடக் கூடாது. ஒபரேஷன் நடக்குற மத்தியான நேரத்த நான்தான் கேட்டு வாங்குனேன். புருஷன் ஆச்சே! அதோட, வீட்டு ஜெபக்கூட்டத்துல கொட்டாவி விட்டவங்கள எல்லாம் கிண்டல் பண்ணியே நிமித்தி உக்கார வச்ச ஆளு நான்.

நான் உக்காந்திருந்த வாங்குல பக்கத்துல, அக்குறணையில கடை வச்சிருக்குற, தொப்பி போட்ட ஒரு முஸ்லிம் நானா இருந்தாரு. அவர் மகளும் உள்ளதான். நான் மணிக்கூட்டையும் போனையும் மாறி மாறிப் பாக்குறத கண்டுட்டு, என்ன விஷயம்னு கேட்டாரு. சொன்னேன்.

"மிஸ் கோல் அடிச்சி துஆவா? நல்ல ஏற்பாடுதான் தம்பி, காசும் போகாது"ன்னு சிரிச்சாரு.

எனக்கு முந்தின ஆள் கோல் குடுத்தாங்க. கண்ண மூடினேன். "ஆண்டவரே"ன்னது வரைக்கும் ஞாபகம் இருக்கு. ரெண்டு மாசமா நாவலப்பிட்டிக்கும் கண்டிக்கும் பஸ்ஸுல அலைஞ்ச ஒடம்பு, அதுக்கு மேல ஒரு வார்த்தை குடுக்கல.

தோளத் தட்டி எழுப்பினது நானாதான். "எழும்புங்க தம்பி, ஒங்கட நேரம் முடிஞ்சி. அடுத்தாளுக்கு கோல் குடுங்க, சங்கிலி அறுந்துரும்."

வாயோரம் வழிஞ்சதத் தொடச்சிக்கிட்டு பேந்தப் பேந்த முழிச்சேன்.

"அசந்துட்டீங்க, பாவமா ஈந்திச்சி. அதான் மகளுக்கு துஆ கேக்கக்குள்ள ஒங்கட வீட்டாளுக்கும் சேத்துக் கேட்டன். பேரு தெரியாதே. இந்தத் தம்பிட பொஞ்சாதின்னு சொன்னன். படைச்சவனுக்கு வெளங்கும்."

கோல் குடுத்தேன். கொஞ்ச நேரத்துல டொக்டர் வந்து, கட்டிய முழுசா எடுத்தாச்சு, பயமில்லன்னாரு. என்னைய விட நானாவுக்குத்தான் சந்தோஷம். என் ரெண்டு கையையும் புடிச்சிக்கிட்டாரு.

அடுத்து அவரக் கூப்பிட்டாங்க. திரும்பி வந்தப்ப தொப்பி கையில இருந்துச்சு. "மகள் மவுத்தாகிட்டா தம்பி." அவ்வளவுதான் சொன்னாரு. எதுக்கும் ஒரு பகிடி வச்சிருக்குற என் வாய், அன்னைக்கு அவர் பேரக் கூட கேக்கல.

சபையில சாட்சி சொல்லச் சொன்னாங்க. நடந்தத நடந்தபடியே சொன்னேன். "பாத்தீங்களா, சங்கிலி அறுபடவே இல்ல"ன்னாரு போதகர். அல்லேலூயா சொல்லிக் கை தட்டுனாங்க. செத்துப்போன அந்தப் புள்ளையப் பத்தி ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல.

வீட்டுக்காரி இப்ப, என் குறட்டையத் திட்டுற அளவுக்கு நல்லா இருக்கா. மத்தியானச் சோத்துக்குப் பொறகு அதே நேரத்துக்கு தினமும் முழங்கால் போடுறேன். பேரு தெரியாததால ஜெபத்துல அவர "அந்த நானா"ன்னுதான் சொல்றேன். தூக்கம் சொக்கத்தான் செய்யுது. ஆனா முழிச்சிருந்தவர் மகள எடுத்துக்கிட்டு, தூங்கினவன் பொஞ்சாதிய ஏன் ஆண்டவரே திருப்பிக் குடுத்தீங்கன்னு கேக்க ஆரம்பிச்சா கண்ணு தானா தெறந்துக்குது. இன்னைக்கு வரைக்கும் பதில் வராத அந்தக் கேள்விதான், என்னையத் தூங்க விடாத ஒரே ஜெபம்.