இரண்டு பேர் முறுக்கிய பிரேக்

கணவருக்கு ஆகுர்டி தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். எனக்கு விமான் நகரில் பகல் வேலை. இருவருக்கும் ஒரே புது ஸ்கூட்டர். காலையில் சாவியைத் தந்துவிட்டு அவர் படுத்துவிடுவார்.

முந்தின நாள் பின் பிரேக் தளர்ந்திருந்தது. மறுநாள் கிளம்பும் அவசரத்தில், பிடித்துக்கூடப் பார்க்காமல் அதன் நட்டை முறுக்கினேன். வழியெல்லாம் வண்டி இழுக்கவில்லை. அலுப்போடு ஆக்ஸிலேட்டரைத் திருகினேன்.

"தீதி, பீச்சே துவான்!" என்று பக்கத்தில் வண்டியில் வந்த பெண் இந்தியில் கத்தினாள். பின்சக்கரத்தில் புகை! ஓரங்கட்டுவதற்குள் சக்கரம் இறுகிவிட்டது. லாரி ஒன்று உரசாத குறையாகப் போனது.

கணவருக்குப் போன் செய்தேன். "ராத்திரியே நான் டைட் பண்ணிட்டேனே! சொல்றதுக்குள்ள தூங்கிட்டேன்" என்றார்.

இப்போதெல்லாம் நட்டைத் தொட்டவர், சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு மற்றவரிடம் சொல்லியாக வேண்டும். பல நாள் நாங்கள் பேசிக்கொள்வதே அவ்வளவுதான்.